ஒரு ரூபாய் டிக்கெட்: மிச்சக் காசை யார் கொடுத்தது?

விலையைக் குறைத்தால் கூட்டம் வரும். இதற்கு பி.காம் எல்லாம் படிக்க வேண்டாம். தாராவி 90 அடி ரோட்டில் கூறு கட்டித் தக்காளி விற்கிற அக்காவுக்கே தெரியும். இருட்ட ஆரம்பித்தால் ஒரு கூறுக்கு இரண்டு தக்காளி கூடப் போடுவார். அந்த இரண்டு தக்காளி அவருடையது. நஷ்டமென்றால் அவர் வீட்டுக்குத்தான்.

பெரிய கம்பெனிகள் விலையைக் குறைக்கும்போது அந்த இரண்டு தக்காளி யார் வீட்டிலிருந்து வருகிறது? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

இருபது வருஷத்துக்கு மேலாக மும்பையில் ஒரு வங்கியில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். விமானக் கம்பெனிகளும் பெரிய பெரிய கடைகளும் விலையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று அடித்துக்கொண்டதை இந்த ஊரில் பக்கத்திலிருந்து பார்த்தேன். வாடிக்கையாளனாக நன்றாகவே அனுபவித்தேன். பிறகு அதற்கெல்லாம் பில் வந்தபோது, வங்கித் தொழிலில் இருப்பவன் என்பதால் அதையும் பார்க்க வேண்டி வந்தது. கொஞ்சம் கொசுவத்தி சுற்றினால்தான் விஷயம் புரியும். பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

1953ல் சட்டம் போட்டு விமானக் கம்பெனிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ். அதன்பின் சுமார் நாற்பது வருஷம் போட்டி என்ற பேச்சே இல்லை. 1990களின் தொடக்கத்தில்தான் கதவைத் திறந்தார்கள். 1992ல் மும்பையிலிருந்து ஈஸ்ட் வெஸ்ட் பறந்தது. 1993ல் ஜெட், தமானியா, மோதிலுஃப்ட், சஹாரா, நம்ம சென்னை என்.இ.பி.சி. என்று வரிசையாக வந்தார்கள். 1994ல் பழைய சட்டத்தையே ரத்து செய்தாயிற்று.

இந்த முதல் அலைக்காரர்கள் மோதியது பெரும்பாலும் உபசரிப்பில்தான். சூடான சாப்பாடு, சிரித்த முகம், சொன்ன நேரத்துக்குக் கிளம்புவது. ஏற்கெனவே விமானத்தில் போய்க்கொண்டிருந்தவரை இந்தியன் ஏர்லைன்ஸிடமிருந்து இழுப்பதுதான் நோக்கம். நம்மைப் போல தாதரிலும் குர்லாவிலும் டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறுகிற ஜனங்களை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. 1997 முடிவதற்குள் ஜெட்டும் சஹாராவும் தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய காலி.

ரயில்காரனைக் கணக்கில் எடுத்தவர் கேப்டன் கோபிநாத். 2003 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்கு ஏர் டெக்கான் பறந்தது. சாப்பாடு வேண்டுமா, காசு கொடுத்து வாங்கிக்கொள். டிக்கெட்டை இணையத்தில் போடு, போனில் போடு, பெட்ரோல் பங்கில்கூட வாங்கு. விளம்பரத்துக்கு ஆர்.கே.லக்ஷ்மணின் 'காமன் மேன்', அந்தக் கட்டம்போட்ட கோட்டுக்காரர். 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். படம் முடிகிற இடத்துக்கு அப்புறம்தான் கணக்கப்பிள்ளை வேலை ஆரம்பம் :-)

அவர்கள் கொடுத்த ஒரு ரூபாய் டிக்கெட் அப்போது பெரிய பேச்சு. வரி, கட்டணமெல்லாம் தனி. ஒரு விமானத்தில் சில சீட்டுகளுக்கு மட்டும்தான் அந்த விலை. கேட்டவர்கள் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவனுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியாது. விமானம் கிளம்பிவிட்டால் காலி சீட்டை நாளைக்கு விற்க முடியாது. எரிபொருள், பைலட் சம்பளம், விமான வாடகை எல்லாம் சீட்டு நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் ஏறக்குறைய அதே செலவு. கூட ஒரு ஆள் ஏறினால் ஆகிற செலவு கொஞ்சம்தான்.

மாதுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைகளைப் பாருங்கள். காலையில் கறாராக இருக்கிற மல்லிகைப்பூ விலை, கடை சாத்துகிற நேரத்தில் இறங்கிவிடும். நாளைக்கு வாடிவிடும் அல்லவா? சீட்டும் அப்படித்தான் வாடுகிறது. ஆனால் விமானக்காரர்கள் பூக்காரரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். முதலில் மலிவு, போகப்போக விலை ஏற்றம். ஏனென்றால் கடைசி நேரத்தில் வருபவர் பேரம் பேச வருவதில்லை. மறுநாள் காலை மீட்டிங் உள்ளவர், அல்லது ஊரில் சாவு விழுந்து அலறி அடித்துக்கொண்டு வருபவர். அவர் எந்த விலையும் கொடுப்பார்.

இந்தக் கணக்கு அமெரிக்காவில் பழசு. 1978ல் அங்கே கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 1981ல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்றொரு மலிவுக் கம்பெனி வந்து எல்லோரையும் கலக்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985ல் பதிலடி கொடுத்தது. எல்லா சீட்டின் விலையையும் குறைக்கவில்லை. எந்த விமானத்தில் எத்தனை சீட்டு காலியாகப் போகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, அந்த சீட்டுகளை மட்டும் முன்கூட்டி வாங்குபவருக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்தது. இரண்டே வருஷத்தில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற பெயரே இல்லாமல் போயிற்று.

ஆக, ஒரு ரூபாய்க்குச் சில சீட்டுகள் விற்பதில் தப்பில்லை. விமானம் மொத்தத்துக்கும் சேர்த்துக் கட்டுபடியாக வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரில் கட்டுபடியாகவில்லை.

2005 மே மாதம் ஸ்பைஸ்ஜெட்டும் கிங்ஃபிஷரும் வந்தன. அந்த வருஷக் கடைசியில் கோ ஏர். 2006 ஆகஸ்டில் இண்டிகோ. எல்லோரும் ஒரே டெல்லி - மும்பை, மும்பை - பெங்களூர் பாதையில் விழுந்து அடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் நஷ்டம். எங்களுக்குக் கொண்டாட்டம். என் அம்மா முதன்முதலாக விமானம் ஏறியது அப்போதுதான். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்கு, ரயிலுக்குக் கட்டுகிற மாதிரியே வாழையிலையில் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாள். இந்த விலைச்சண்டையால் நமக்குக் கிடைத்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2003ல் உள்நாட்டு விமானத்தில் போனவர்கள் சுமார் ஒன்றரைக் கோடி. 2024ல் 16 கோடிக்கு மேல்.

2007ல் ஆளை ஆள் விழுங்க ஆரம்பித்தார்கள். ஜெட் 1,450 கோடி கொடுத்து சஹாராவை வாங்கியது. கிங்ஃபிஷர் 550 கோடி கொடுத்து ஏர் டெக்கானில் 26 சதவீதம் வாங்கியது. அந்த ஏப்ரலில் மும்பையில் வைத்த விளம்பரப் பலகைகள் ஞாபகம் இருக்கிறதா? 'நாங்கள் மாறிவிட்டோம்' என்று ஜெட் ஒரு போர்டு வைத்தது. அதற்கு மேலேயே 'மாற வைத்ததே நாங்கள்தான்' என்று கிங்ஃபிஷர் ஒன்று. அதற்கும் மேலே 'நாங்கள் மாறவில்லை, இன்னமும் புத்திசாலித்தனமாகப் பறக்க நாங்கள்தான்' என்று கோ ஏர் மூன்றாவது. போகிற வருகிறவர்களெல்லாம் பார்த்துச் சிரித்தோம். ஜெட் 2019 ஏப்ரலில் நின்றது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. கோ ஏர் தன் பெயரை கோ ஃபர்ஸ்ட் என்று மாற்றிக்கொண்டு 2023 மே மாதம் நின்றது. மூன்று போர்டுக்காரர்களும் இன்று இல்லை.

இனி எங்கள் தொழில் பக்கத்துக் கதை. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பேரலுக்கு 147 டாலர் வரை போனது. கிங்ஃபிஷர் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூட லாபம் பார்த்ததில்லை. நஷ்டத்தை நிரப்பியது கடன். கடன் கொடுத்த வங்கிக் கூட்டணி, 2011ல் தங்கள் கடனில் ஒரு பகுதியைக் கம்பெனியின் பங்குகளாக மாற்றிக்கொண்டது. சந்தையில் சுமார் 40 ரூபாய்க்குக் கிடைத்த பங்கை 64 ரூபாய் 48 காசுக்கு! மாதுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்கு இப்படி யாராவது கூடுதலாகக் கொடுத்தால் வீட்டில் உள்ளே விடுவார்களா?

அடமானமாக என்ன இருந்தது? 'கிங்ஃபிஷர்' என்ற விமானக் கம்பெனிப் பெயர்! கடன் கொடுக்கும்போது ஆயிரக்கணக்கான கோடிக்கு மதிப்புப் போட்ட பெயர் அது. 2016 ஏப்ரலில் 366 கோடியே 70 லட்சத்துக்கு ஏலம் விட்டார்கள். கேட்க ஒரு ஆள் வரவில்லை. வில்லே பார்லேயில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கிங்ஃபிஷர் ஹவுஸ் என்ற கட்டடம். 2016ல் 150 கோடி என்று ஆரம்பித்த ஏலம், பல தடவை தோற்று, கடைசியில் 2021ல் சுமார் 52 கோடிக்கு முடிந்தது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மல்லையாவின் மற்ற சொத்துகள் வழியாக 14,131 கோடி வங்கிகளுக்குத் திரும்பிவிட்டதாக 2024 டிசம்பரில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அதில் பெரும்பகுதி பீர் கம்பெனிப் பங்குகளை விற்று வந்த பணம். விமானத்தில் போன பணம் பீரில் திரும்பியது. பீர் கம்பெனி இல்லாத முதலாளியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதுபோக, 2012ல் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்த பணியாளர்களுக்கு எந்த பீரும் கைகொடுக்கவில்லை. மலிவு டிக்கெட்டின் மிச்சக் காசில் ஒரு பங்கைக் கொடுத்தது அவர்கள்தான்.

ஆகாயத்தில் நடந்தது அப்படியே தரையிலும் நடந்தது. கடைகளைப் பார்ப்போம்.

நம் நாட்டில் பாக்கெட்டின் மேலேயே எம்.ஆர்.பி. அச்சிட வேண்டும். அந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது. கீழே விற்கலாம். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வளர்ந்ததுதான் சுபிக்ஷா. 1997ல் சென்னை திருவான்மியூரில் முதல் கடை. நிறுவனர் ஆர்.சுப்பிரமணியன், ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். படித்தவர். ஏ.சி. கிடையாது, பளபளப்பு கிடையாது, சின்ன இடம். ஆனால் மளிகையும் மருந்தும் எம்.ஆர்.பி.யைவிடக் குறைவு. சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தக் கடை எவ்வளவு உதவி என்று தெரியும். மாதா மாதம் பிரஷர் மாத்திரை வாங்குகிற பெரியவர்களைக் கேளுங்கள். அதுவரை கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பிறகு வேகம் பிடித்தது. தமிழ்நாட்டைத் தாண்டி டெல்லி, குஜராத், மும்பை என்று பரவி, 2008ல் சுமார் 1,600 கடைகள். ஓடியது பெரும்பாலும் கடன் பணத்தில். 2008 கடைசியில் உலகச் சந்தை சரிந்து கடன் குழாய் அடைபட்டதும், சில மாதங்களில் எல்லாம் முடிந்தது. 2009 ஆரம்பத்தில் அலமாரிகள் காலி. சம்பளம் இல்லை. காவலாளிகளும் போய்விட்டதால் சில கடைகளைச் சூறையாடினார்கள். 13 வங்கிகளின் நூற்றுக்கணக்கான கோடி உள்ளே மாட்டியது. அதே நிறுவனர் சம்பந்தப்பட்ட விஸ்வப்ரியா என்ற நிதி நிறுவனத்தில் பணம் போட்டு ஏமாந்தவர்களின் வழக்கில், 2023 நவம்பரில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

வடக்கே பிக் பஜார் இதே பாதையில் போனது. 2006 ஜனவரி 26 அன்று 'வருஷத்திலேயே மலிவான நாள்' என்று கிஷோர் பியானி அறிவித்தார். குடியரசு தின விடுமுறை வேறு. சில கடைகளில் கூட்டம் தாங்காமல் போலீஸ் வந்து ஷட்டரை இறக்க வேண்டியதாயிற்று. விளம்பரம் என்ற அளவில் அதற்கு நூற்றுக்கு நூறு போடலாம். பிறகு கடன் மேல் கடன், கடை மேல் கடை. 2012ல் பாண்டலூன்ஸை விற்றார்கள். கொரோனாவில் மொத்தமாக விழுந்தது. 2022ல் திவால் நடவடிக்கை, 2024ல் கலைப்பு உத்தரவு. கடன் கொடுத்தவர்கள் கேட்டு நிற்பது 21,000 கோடிக்கு மேல்.

விலையைக் குறைத்தவர்கள் எல்லோரும் விழுந்தார்களா என்றால் இல்லை. அதுதான் இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

மும்பையில் இது பழைய வித்தை. நாய்காவ் மில் தொழிலாளர்கள் 1948ல் ஆரம்பித்த கூட்டுறவுக் கடைதான் அப்னா பஜார். பங்குச் சந்தையில் பெரிய ஆளான ராதாகிஷன் தமானி, 1999ல் நெருலில் அதே அப்னா பஜாரின் ஒரு கிளையை எடுத்து நடத்தித்தான் மளிகை வியாபாரம் கற்றுக்கொண்டார். 2002ல் பவாயில் முதல் டி-மார்ட். கடை இடத்தைப் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாகவே வாங்கினார். வாடகை ஏறும் கவலை இல்லை. சரக்கு கொடுப்பவருக்கு மற்றவர்கள் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்போது இவர் நாள்கணக்கில் பணம் கொடுத்தார். அதற்குப் பதிலாக விலையில் தள்ளுபடி வாங்கினார். அந்தத் தள்ளுபடிதான் நமக்கு எம்.ஆர்.பி.க்குக் கீழே வந்தது. பெரிய விளம்பரமும் இல்லை. 2017ல் பங்கு வெளியிட்டபோது, பதினைந்து வருஷத்தில் 120 கடைகள்கூட ஆகவில்லை. சுபிக்ஷாவின் 1,600ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வானத்தில் இண்டிகோவும் இதே ஜாதி. முதல் விமானம் பறப்பதற்கு ஒரு வருஷம் முன்பே, 2005ல், 100 ஏர்பஸ் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறையும். விமானம் கைக்கு வந்ததும் குத்தகைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பணம் முடங்கவில்லை. ரொம்ப நாள் ஏறக்குறைய ஒரே ரக விமானம், அதனால் உதிரி பாகமும் பயிற்சியும் சுலபம். தரையில் நிற்கும் நேரம் குறைவு. விலைக்குறைப்பு இங்கே செலவுக்குறைப்பிலிருந்து வந்தது.

தாராவி அண்ணாச்சி கடைகளும் விலைப் போட்டியில்தான் இருக்கின்றன. அவர்களுடைய ஆயுதம் சின்ன பாக்கெட்டும் நோட்டும். ஷாம்புவை பாக்கெட்டில் அடைத்து விற்கிற யோசனையே நம்ம கடலூர் சின்னி கிருஷ்ணனுடையது. அவர் மகன் ரங்கநாதன் 1983ல் சிக் ஷாம்பு ஆரம்பித்து, 1990களின் கடைசியில் அதை ஐம்பது பைசாவுக்குக் கொண்டுவந்தார். நாள்கூலிக்காரரின் பைக்கு ஏற்ற அளவு. அதிலும் லாபம் இருந்தது. நோட்டு என்பது மாதக் கடன். அண்ணாச்சி தன் பணத்தை வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கிறார். யார் திருப்பித் தருவார், யார் ஊருக்கு ஓடிவிடுவார் என்று அவருக்குத் தெரியும். கிங்ஃபிஷரும் சுபிக்ஷாவும் செய்தது, வங்கிப் பணத்தை வாடிக்கையாளருக்குத் தள்ளுபடியாகக் கொடுத்தது. அது திரும்பி வரவே வராது.

வங்கிப் பணம் யாருடையது? செம்பூரில் பென்ஷன் வாங்கி ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டிருக்கிற மாமாவுடையது. வாராக்கடன் ஏறினால் வங்கி அந்தப் பள்ளத்தை எங்காவது நிரப்பித்தான் ஆகவேண்டும். 2017 அக்டோபரில் பொதுத்துறை வங்கிகளுக்கு 2 லட்சத்து 11 ஆயிரம் கோடி மூலதனம் என்று மத்திய அரசு அறிவித்தது. பள்ளம் முழுக்க விமானமும் மளிகையும் தோண்டியதல்ல. எஃகும் மின்சாரமும் சாலையும் அதில் நிறைய. ஆனால் நிரப்பியது உங்கள் வரியும் என் வரியும். மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்த ஆயிரத்தை இன்னொரு கையால் திருப்பிக் கொடுத்தோம். விமானமே ஏறாத தாராவிக்காரரும் தீப்பெட்டி வாங்கும்போது கொடுத்தார்.

கடன் வாங்கி விலையைக் குறைப்பதில் இன்னொரு கேடும் உண்டு. குறைப்பவர் மட்டும் சாவதில்லை, கூட இருப்பவரையும் இழுத்துக்கொண்டு போகிறார். மிஞ்சுகிறவர் தனிக்காட்டு ராஜா. இன்று உள்நாட்டில் பறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் இண்டிகோவில்தான். 2025 டிசம்பர் முதல் வாரம், பைலட்களின் புதிய ஓய்வு விதிகளுக்கு ஆள் போதாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்தபோது, மாற்று இல்லாமல் ஜனங்கள் தவித்தார்கள். மற்றவர்களின் டிக்கெட் விலை எங்கோ போனது. அரசாங்கம் தலையிட்டு உச்சவரம்பு வைத்தது. 1000 முதல் 1500 கிலோமீட்டர் வரை 15,000 ரூபாய். மும்பை - சென்னை அந்தக் கணக்கில்தான் வரும். இருபது வருஷ விலைச்சண்டைக்குப் பிறகு மறுபடியும் அரசாங்கம் விலை வைக்க வேண்டியதாயிற்று.

இப்போது பத்து நிமிஷத்தில் கொத்தமல்லிக் கட்டு கொண்டுவந்து கொடுக்கிற ஆப்கள் காலம். அவர்கள் தள்ளுபடிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் முதலீட்டாளர் பணம், வங்கிக் கடன் அல்ல. அந்த மட்டில் நிம்மதி. பக்கத்து அண்ணாச்சி கடை மூடிய பிறகு கொத்தமல்லி என்ன விலைக்கு வரும் என்பது வேறு கேள்வி.

என்னிடம் டெபாசிட் போட வருகிறவர்கள் சில சமயம் கேட்பார்கள், "இந்தக் கம்பெனி இவ்வளவு மலிவாக விக்குறானே, கூட்டம் அள்ளுதே, இவன் பத்திரத்துல பணம் போடலாமா சார்?" நான் சொல்வது ஒன்றுதான். மலிவாக விற்றால் தாராளமாக வாங்குங்கள், நானும் வாங்குவேன். பணம் போடுவதற்கு முன், அவன் கடை இடம் யாருடையது, சரக்கு கொடுத்தவனுக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறான், கடன் எவ்வளவு என்று பாருங்கள். கூட்டத்தைப் பார்க்காதீர்கள். 2006 ஜனவரி 26லும் கூட்டம் இருந்தது.